தெரியாது என்று சொல்லத் தெரியாத மென்பொருள்

என்னங்க, நலமா? பாப்பாவின் சளி குறைந்ததா? மறைக்காமல் எழுதுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

பழைய கணினியின் மூளையைப்போல் நடிக்கும் மென்பொருள் ஒன்றை யாரும் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள்; இங்கே எங்களுக்கு அதில்தான் வேலை. புரியாத கட்டளை வந்தால் அது மயங்கி விழுந்துவிடும். ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன், சரியாகிவிட்டது. கூட வேலை பார்ப்பவள், "இதுக்கா இத்தனை நாள் மண்டைய உடைச்சோம்?" என்று சிரித்தாள்.

நேற்று போனில் பாப்பா, "அப்பா சொல்ற ‘நாளைக்கு’ வரவே மாட்டேங்குதும்மா" என்றாள். நான் எப்போது வருவேன் என்று அவள் கேட்டால் இனி ‘தெரியாது’ என்றே சொல்லுங்கள். தாங்கிக்கொள்வாள்.

கண் சொருகுகிறது, முடிக்கிறேன். அவள் தூங்கிய பிறகு நகம் வெட்டிவிடுங்கள். விழித்திருந்தால், அம்மாதான் வெட்டணும் என்பாள்.

உங்கள் வீட்டுக்காரி