உன் கையைக் கேட்டு வளர்ந்தவள்

என் செல்லச் சுதா,

நீ போய் ஐந்து மாதம். உன் மகள் ஆதிரை அச்சுவேலியில் என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு வயது நெருங்குகிறது. வெண்டிக்காய் கொடுத்தால் உன்னைப் போலவே துப்புகிறாள். இதையெல்லாம் சந்தோஷமாக எழுதத்தான் இருந்தேன். ஆனால் உன்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறதடி. செத்துப்போன தங்கச்சிமேல் பொறாமைப்படுகிற அக்காவை எங்கேயாவது கண்டிருக்கிறாயா?

நான் சொல்வது அவளுக்கு விளங்குவதில்லை. "வா" என்றால் நிற்கிறாள். "இரு" என்றால் என் வாயையே பார்க்கிறாள். காதில் ஏதும் குறையோ என்று பயந்து டொக்டரிடமும் காட்டினேன். காதில் ஒரு குறையுமில்லை.

போன செவ்வாய் நான் துணிக்கு அயன் பிடித்துக்கொண்டிருக்க, அயன் பெட்டியைத் தொடப் போனாள். "சுடும், சுடும்" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். வாசலில் நின்ற உன் மனுசன் பாலன் தன் விரல்களை ஊதி உதறிக் காட்டினார். பிள்ளை உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"மச்சாள், சுதா ஒரு சொல்லும் கையில்லாமல் சொன்னதில்லை. நீங்கள் வாயாலை மட்டும் கதைக்கிறியள்," என்றார்.

என்ன செய்ய? பதினாறு வயதிலிருந்து என் இரண்டு கையும் தையல் மெஷினில். நீ கதைக்கத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரின் தேத்தண்ணி கவிழும். கையைக் கட்டிக்கொண்டு கதை என்று எத்தனை தரம் உன்னை ஏசியிருப்பேன்! இப்போது உன் போனில் கிடக்கும் வீடியோக்களைப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று, உன்னைப் போலக் கையாட்டப் பழகுகிறேன். வெட்கக்கேடு. குளிப்பாட்டுவது நான், காய்ச்சலுக்கு விழித்திருப்பது நான். அவளுக்கு விளங்குவது நீ.

இன்று காலை ஒரு பெண், சட்டையைப் பிழையாகத் தைத்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தாள். "நானோ?" என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டேன். மூலையில் நூல்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்த ஆதிரை ஓடிவந்து, என் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள். நீ போனபின் அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்டது இதுதான் முதல் தரம்.

பக்கத்தில் நின்ற பாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெஞ்சில் கைவைத்துத்தான் நீ "அம்மா" என்று சொல்லிக் கொடுத்தாயாம். அவள் கூப்பிட்டது உன்னைத்தான், எனக்குத் தெரியும். நான் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லையடி.

நாளைக் காலை அவளை உன் படத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, உன் நெஞ்சில் என் கையை வைத்து, "அம்மா" என்று சொல்லிக் கொடுப்பேன். தினமும் செய்வேன், சத்தியம். இன்றைக்கு மட்டும் அந்தச் சொல் என்னிடம் இருக்கட்டும்.

உன் பொறாமைக்கார அக்கா