குதிகால் சண்டை

என் வாயாடி ரோசிக்கு,

ஐப்பசி பிறந்துவிட்டது. பாறைகளெல்லாம் சூடு தணிந்து, தொட்டால் ஜில்லென்று இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே லீவு போட்டுவிட்டு பெங்களூரிலிருந்து வந்துவிடுவாய். அம்மா கல்லறையைச் சுத்தம் செய்ய என்று உன் அண்ணனிடம் சொல்வாய். பையைத் திறந்தால் பாறை ஏறுகிற ஷூ இரண்டு ஜோடி இருக்கும். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு.

செஞ்சியில் மாவு மில் நடத்துகிற நாற்பது வயதுக்காரியைப் பாறை ஏற வைத்தவள் நீ. கயிறெல்லாம் கிடையாது, விழுந்தால் கீழே போட்டிருக்கும் பழைய பஞ்சு மெத்தையில்தான் விழ வேண்டும் என்றாய். கையில் பூசுகிற வெள்ளைப் பொடி தீர்ந்துபோன அன்று நான் மில்லிலிருந்து அரிசி மாவு கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? மறுநாள் பிடிக்கிற இடமெல்லாம் எறும்பு. "இன்னா அண்ணி, பாறைக்குக் கோலம் போட்டிருக்கியா?" என்று நீ சிரித்த சிரிப்பில், பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

சிங்கவரம் போகிற வழியில் இருக்கிற நம் பாறை இரண்டு ஆள் உயரம்தான். ஆனால் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த வயிற்றைத் தாண்டுகிற இடத்தில்தான் மூன்று வருஷமாக நமக்குள் சண்டை.

"குதிகாலத் தூக்கிக் கை பக்கத்துல மாட்டு அண்ணி. காலே உன்னத் தூக்கிடும்" என்பாய்.

"நாள் முழுக்க அரிசி டின்னு தூக்குற கை இது. காலப் போய் கெஞ்சணுமா?" என்பேன்.

நீ குள்ளம், உனக்கு மேல் விளிம்பு எட்டவே இல்லை. அதனால் நான்தான் ஏறிக் காட்ட வேண்டியிருந்தது. உன் வழியில் ஏறினால், உச்சியில் நின்று "ரோசி சொன்னதே சரி" என்று நான் மூன்று தடவை கத்த வேண்டும். என் வழியென்றால் நீ கத்த வேண்டும்.

சித்திரையில் மூன்றே நாள் காய்ச்சல். உன் அறையைக் காலி செய்து கொண்டுவந்த பெட்டியில் உன் ஷூவோடு என் ஷூவும் வந்தது.

இந்த வருஷம் உன் அண்ணன்தான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து நாள் கை பலத்திலேயே முயன்று ஐந்து நாளும் விழுந்தேன். "அவ சொன்ன மாதிரி ஒருவாட்டி வெச்சுதான் பாரேன்" என்றார். எரிந்து விழுந்தேன். என் கையால் ஆகாது என்று போன வருஷமே எனக்குத் தெரியும், ரோசி. ஆனால் குதிகாலை வைத்து ஏறிவிட்டால் சண்டை முடிந்துவிடுமே. அதுவும் முடிந்துவிட்டால் உன்னோடு எனக்கு என்ன மிச்சம்?

நேற்று சாயங்காலம் கோட்டை மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வந்தது. "மழ புடிச்சா இனிமே தை மாசந்தான். எனக்காகவாவது வெச்சுப் பாரு, ஸ்டெல்லா" என்றார். குரல் உடைந்திருந்தது. உன்னை நான் மட்டும் பறிகொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவருக்கு நீ தங்கச்சி.

குதிகாலைத் தூக்கி மாட்டினேன். கால் தூக்கியது. அவ்வளவுதான். மூன்று வருஷச் சண்டை இவ்வளவு சுலபமாகவா முடியும்?

உச்சியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எழுந்து நின்று கத்தினேன், "ரோசி சொன்னதே சரி!" இரண்டாவது தடவை கீழே உன் அண்ணனும் சேர்ந்து கத்தினார். மூன்றாவது வரவில்லை. மழை வந்துவிட்டது.

அந்த ஒன்று பாக்கி இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கி வைத்துவிட்டேன். இந்த வருஷம் நான் இரண்டு கல்லறை சுத்தம் செய்ய வேண்டும். அங்கே கத்த முடியாது, பங்குச் சாமியார் இருப்பார். குனிந்து உன் காதோரமாகச் சொல்கிறேன்.

தோற்றுப்போன உன் அண்ணி,
ஸ்டெல்லா