வெயிலில் பார்க்காத புடவை

அக்டோபர் 1995, சனிக்கிழமை

என் மகள் கமலாவின் தலைதீபாவளிப் புடவைக்காக, அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் புதிதாகத் திறந்த பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். மயில்கழுத்து நிறம் என்று ஒன்றை எடுத்துப் போட்டாள் விற்கிற பெண். அந்த ட்யூப் லைட்டில் எதை நம்புவது? எப்போதும்போல வெயிலில் பார்க்க வாசலுக்கு எடுத்து வந்தேன்.

செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். "இன்னாம்மா, பில்லு போடாம எங்க எடுத்துகினு போற?"

நிறம் பார்க்கத்தான் என்றேன். நீயாவது சொல்லம்மா என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் நிமிரவே இல்லை. சம்பந்தியம்மா மெல்லத் தள்ளிப்போய், யாரோபோல நின்றுகொண்டார்.

அதற்குமேல் வாங்காமல் வந்தால் திருடி என்றே ஆகிவிடும். வாங்கிவிட்டேன். மாற்றித் தரமாட்டார்களாம். வழியில் பையைப் பிரிக்க மனம் வரவில்லை; வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

புடவை மேஜைமேல் இருக்கிறது. என்ன நிறம் என்று விடிந்தால்தான் தெரியும். விடியவே வேண்டாம் என்றிருக்கிறது.