கறுப்பாகவே இருந்த செப்பு

12-6-1953, வெள்ளி. திருவொற்றியூர்.

அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த எண்ணெயைச் செப்பு வில்லைகளின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தி ஆல்கஹாலாக்கிவிட்டோம் என்கிறார் முதலாளி. நான் விடுப்பில் இருந்தபோது நடந்ததாம். பணம் போடப் பம்பாய்க்காரர்கள் நாளை வருகிறார்கள். முதலாளி மேசையில் புட்டியில் இருப்பது நம் சரக்குதான் என்று வேதியியலாளரான நான் சொல்ல வேண்டும்.

இன்று வில்லைகள் போட்ட குழாயைத் திறந்தேன். நான் போட்டபோது இருந்ததுபோலவே வில்லைகள் கறுப்பாக இருந்தன. ஹைட்ரஜன் பட்டிருந்தால் கறுப்பு ஆக்சைடு போய்ச் செப்பு சிவந்திருக்கும்.

"காத்து பட்டா மறுபடி கறுத்துடும்மா. இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாராவறீங்க?" என்று மேஸ்திரி ஆரோக்கியம் சிரித்தார்.

காற்றுப் பட்டால் மேலேதான் கறுக்கும். ஒரு வில்லையை உடைத்தேன். உள்ளேயும் கறுப்பு. அப்படியானால் முதலாளி மேசையில் இருக்கும் புட்டிச் சரக்கு யாருடையது?

"நீங்க வூட்டுக்குப் போங்கம்மா. நானே குழாய கழுவி, புச்சா வில்ல போட்டு வெச்சிடறேன்" என்றார். நான் சொல்லாமல் அவர் எதையும் கழுவியதே இல்லை.

வேண்டாமென்று ஆய்வறையைப் பூட்டி வந்தேன். முதலாளியிடம் இன்னொரு சாவி உண்டு. அதனால்தான் உடைத்த வில்லையைக் கைப்பையில் எடுத்து வந்திருக்கிறேன். வேலை போனாலும் போகட்டும். நாளை அவர்கள் கேட்டால், பேசுவதற்கு முன் இதை மேசையில் வைப்பேன்.