மின்விசிறிக்குள் ஒன்றுமில்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ நன்றாக இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், உன் தம்பிக்குச் சத்தம் ஆகாது, அதனால்தான் கடிதம். நான் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொல்கிறேன், உன் தங்கை எழுதுகிறாள், படம் பிடித்து அனுப்புவாள். கொஞ்சம் தணிவாக எழுதலாமா என்று கேட்கிறாள். இது உன் பள்ளிக்கூடக் கட்டுரை இல்லை, சொன்னதை எழுது என்று சொல்லிவிட்டேன்.

தம்பியிடம் என்ன சொன்னாய்? எல்லாம் பிரமை, மாத்திரை உன்னை மந்தமாக்கிவிடும், தூக்கிப் போடு என்றாயாமே. எப்போது டாக்டர் ஆனாய், வீட்டில் சொல்லவே இல்லையே. நீ போனை வைத்ததும் அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். மறுபடி தூக்கம் போயிற்று. சமையலறை விசிறி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று மறுபடி வாசலில் நின்றே சாப்பிடுகிறான்.

உன் அப்பாவும் முதலில் இப்படித்தான். விசிறி ரிப்பேர் செய்கிற மனுஷன் அல்லவா, பையன் சொன்னதும் ஏணி போட்டு அதைக் கழற்றி, தரையில் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பி, பார், உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். பையனோ, நான் வர்றதுக்குள்ள எடுத்து மறைச்சிட்டீங்களா, நீங்களும் அவங்க ஆளா என்று கேட்டான். அதன்பின் அப்பா கொடுத்த தண்ணீரைக்கூட அவன் குடிக்கவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் வீட்டு ஆட்களுக்கு நடத்தும் வகுப்புக்குப் போனோம். காதில் குரல் கேட்பவன் பாடு எங்களுக்குப் புரியட்டும் என்று, நர்ஸ் அப்பாவை எழுந்து நிற்க வைத்து, விசிறியை எப்படிப் பிரிப்பது என்று விளக்கச் சொன்னார். அவர் பேசும்போதே, எங்களைப் போலவே வகுப்புக்கு வந்திருந்த ஒரு பஸ் டிரைவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, உனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாரும் உன்னையேதான் பாக்குறாங்க என்று அவர் காதில் முணுமுணுக்க வேண்டும். காலமெல்லாம் செய்த வேலை, இரண்டாவது திருகாணியிலேயே தடுமாறி வேர்த்துப் போய் நின்றார். தப்பா நினைக்காதீங்க அண்ணே, விசிறி பத்தி ஒண்ணும் தெரியாதவன் நான்தான் என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை.

அவனுக்குக் கேட்கிறது என்றால் கேட்கிறதுதான், இல்லை என்று வாதாடாதீர்கள், எனக்கும் கேட்கிறது என்று பொய்யும் சொல்லாதீர்கள், அவன் பயத்தை விசாரியுங்கள் என்றார் நர்ஸ். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குக் கேக்கலப்பா. உனக்குக் கேக்குதுல்ல. பயமா இருக்கா?" என்றார். பையன் தலையாட்டினான், அவர் கையாலேயே மாத்திரையை வாங்கிக்கொண்டான். அதைத்தான் நீ ஒரே போனில் கெடுத்தாய்.

நேற்று டாக்டரிடம் போனோம். மந்தம் இருப்பது நிஜம்தான் என்று அளவை மாற்றித் தந்தார். புது மாத்திரை மேசைமேல் இருக்கிறது, தொடவில்லை. "அண்ணனும் நான் நடிக்கிறேன்னுதான் நினைக்கிறானா?" என்று கேட்டான். அந்தப் பதில் உன்னிடமிருந்துதான் வர வேண்டும்.

சனிக்கிழமை வகுப்பில் நீயும் போன் வழியாக உட்காரலாமாம். வேலை இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. அதற்கு முன், இதைப் படித்ததும் தம்பியைக் கூப்பிடு. புத்தி சொல்லாதே. பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேள், கேட்டுவிட்டு அவன் பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிரு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் தீரவில்லை, ஆனாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூவரையும் பெற்ற அம்மா

அண்ணா, இது நான். அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே தைத்ததில் ஒரு சட்டைக்கு எல்லாப் பொத்தானும் தவறான பக்கம் போய்விட்டது. இப்போது அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். சின்னண்ணன் எதிரில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொடுக்கிறான். போனை மடியிலேயே வைத்திருக்கிறான்.