கண்ணைச் சிமிட்டவும்

என்னங்க,

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபப்படாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊருக்குப் புதுசு. விவசாயிகள் உதவித்தொகை நிற்காமல் வர, பட்டாக்காரர் முகத்தை போனில் காட்ட வேண்டுமாம். "அண்ணன் வூட்ல கீறாரா அக்கா?" என்றாள். படுத்திருக்கிறார் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, உங்கள் படத்திலிருந்த மாலையைக் கழற்றி, குங்குமத்தைத் துடைத்து, நேராகப் பிடித்தேன்.

'கண்ணைச் சிமிட்டவும்' என்று எழுத்து வந்தது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

பச்சை டிக் விழுந்தது.

விஏஓவிடம் பொய் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி இடது கண்ணை மட்டும் மூடுவீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது. படத்தைப் பார்க்காமலே ஆணியில் மாட்டிவிட்டேன்.

இன்று சின்னராசு குத்தகை நெல் கொண்டுவந்தான். நம் நிலத்தில் பாடுபடுகிறவன் அவன். உதவித்தொகை உங்கள் பெயருக்கு. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனோ உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாக்கா, அண்ணாத்த படத்துல ஒரு கண்ணு மூடிக்கினு கீது?"

சாவுச் சான்றிதழை நாளைக்கே ஆபீசில் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பணம் வேண்டாம். நீங்கள் கண்ணைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒரு நாளும் பயப்படாதவள்