காற்றுக்கு முன்னால் நின்றவள்

என் பட்டுக்குட்டிக்கு,

"அம்மா, நீ மட்டும் ஏன் ஜெயிக்கவே மாட்டேங்குற?" என்று போனில் கேட்டாயே. சைக்கிள் பந்தயத்தில் முன்னால் ஓட்டி எதிர்காற்றைத் தாங்குவதுதான்டி என் வேலை. என் முதுகுக்குப் பின்னால் களைக்காமல் வரும் எங்கள் அணி கேப்டன் கடைசியில் பாய்ந்து ஜெயிப்பாள்.

இன்று என் கடைசிப் பந்தயம் என்பதால் அவளே, "அக்கா, இன்னிக்கு நீங்க ஜெயிங்க, நான் முன்னாடி போறேன்" என்றாள். பாழாய்ப்போன பழக்கம்! மேட்டில் காற்று வீசியதும் என்னையறியாமல் அவளைத் தாண்டிவிட்டேன். எல்லைக்கோடு நெருங்கியதும் ஒதுங்கி வழியும் விட்டேன். ஜெயித்த அவள் அழுதாள்; எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மெக்கானிக் என் சைக்கிள் சீட்டை வேறொரு பெண்ணின் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். நம்பர் அட்டையை மட்டும் உனக்காகக் கேட்டு வாங்கினேன். உன் குட்டி சைக்கிளில் கட்டிக்கொள்.

எவ்வளவு காற்றடித்தாலும் உன்னைத் தாண்டமாட்டேன். சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவருவேன்.

மூச்சிரைக்கப்போகும்
உன் அம்மா